பாலக்காட்டுக் காற்றில் சேஜ் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு வருடமாக சேஜ் என்ற சமையல் வாசனைச் செடியை வளர்க்கிறேன். மாடிக்கு வருகிற யாரும் அந்தச் சாம்பல் பச்சை இலையைக் கசக்கி முகராமல் இறங்குவதில்லை. பாதிப் பேர் ஒரு தண்டும் கேட்டு வாங்கிப் போவார்கள். இரண்டு மாதம் கழித்து போன் வரும்: "செடி வாடிப்போச்சு, தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன்." சித்தூர், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கமிருந்து இப்படி வரும் கேள்விகளோடு, மலைமேல் காந்தலூரில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டவையும், மூணாறு எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் அவள் தோழிகள் கேட்டவையும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சேஜ் என்பது நம்ம கற்பூரவள்ளிதானே?

இல்லை. இரண்டும் துளசிக் குடும்பம் என்பதோடு உறவு முடிந்தது. கற்பூரவள்ளிக்கு (இங்கே மலையாளத்தில் பனிக்கூர்க்க) தண்ணீர் நிறைந்த தடித்த இலை. ஒடித்து எங்கே வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். சேஜ் அப்படிக் கிடையாது. நீளவாக்கிலான இலை, சாம்பல் பூத்த பச்சை, அடித்தண்டு நாளாக நாளாக மரமாகும். சுமார் இரண்டடி உயரத்துக்குப் புதராக நிற்கும்.

ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேல்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக மேடு தட்டியிருக்கும். பாகற்காய்த் தோலை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கியது போல இருக்கும். ஓரத்தில் வெள்ளை மயிர் பட்டுநூல் மாதிரி மினுங்கும். அந்த மயிர்தான் வெயிலிலும் காற்றிலும் இலையின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கசக்கினால் முதலில் கற்பூரம் போல ஏறும், அப்புறம் மிளகு, கடைசியில் கொஞ்சம் கசப்பு.

தாவரவியலில் இதன் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். 'சால்வியா' என்பது நலம், குணமாக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் ஊறவைத்துக் குடிக்கும் சியா விதையும் ஒரு சால்வியாதான். ரோஸ்மேரியையும் மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2017இல் இந்தப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நர்சரியில் சால்வியா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சிவப்பாகப் பூக்கிறது, வாசனையே இல்லையே?

அது பிரேசிலிலிருந்து வந்த அலங்காரச் செடி, சால்வியா ஸ்ப்ளெண்டென்ஸ். அழகுக்கு நன்றாக இருக்கும், சமையலுக்கு ஆகாது. எனக்கும் முதல் தடவை ஒரு நர்சரியில் இதைத்தான் கொடுத்தார்கள். நான்கு மாதம் வளர்த்து, செக்கச்செவேலெனப் பூத்த பிறகுதான் தெரிந்தது. மூணாறு வீட்டு வாசல்களில் ஊதாநிற வெல்வெட் பூக்கதிரோடு ஆள் இடுப்பளவு நிற்பதும் இன்னொரு சால்வியாதான். மெக்சிகோவைச் சேர்ந்த அதுவும் அழகுக்கு மட்டுமே.

வாங்கும்போது பெயரை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள். இலையைத் தேய்த்ததும் கற்பூர வாசனை வர வேண்டும். கைக்குச் சொரசொரவென இருக்க வேண்டும். நிறம் சாம்பல் கலந்த பச்சையாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். அன்னாசிப்பழ வாசனை அடித்தால் அது பைனாப்பிள் சேஜ் என்ற வேறு வகை. உண்ணலாம், ஆனால் ருசி வேறு.

மார்ச், ஏப்ரலில் இங்கே 40 டிகிரி போகிறதே. குளிர்நாட்டுச் செடி தாங்குமா?

சேஜைக் குளிர்நாட்டுச் செடி என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அதன் சொந்த ஊர் மத்தியதரைக் கடலோரம். ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய டல்மேஷியாவின் சுண்ணாம்புக்கல் மலைச்சரிவுகளிலும் அல்பேனியாவிலும் தானாக விளைந்து கிடக்கிறது. அங்கே கோடை வெயில் நன்றாகவே காயும். மண் என்று பெரிதாக எதுவும் இருக்காது, கல் இடுக்கில் வேர் விட்டு நிற்கும்.

அங்கே வெயில் காலம் வறண்ட காலம், மழை குளிர்காலத்தில் பெய்யும். சேஜுக்கு வெப்பம் தெரியும், ஈரமும் தெரியும், இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் தெரியாது. நம் ஊரில் இடவப்பாதி, கர்க்கடகம் என்று மழை கொட்டும்போதும் காற்றில் சூடு இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த அந்த மூன்று மாதம்தான் இந்தச் செடிக்குக் கண்டம்.

கோடையில் செடி வளராமல் அப்படியே நிற்கும், இலை சிறுத்துப்போகும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பங்குனி, சித்திரையில் மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் விழுகிற இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள், அல்லது பச்சை நிழல்வலை கட்டுங்கள். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கட்டாயம் கிடைக்க வேண்டும். சிமெண்ட் தளத்தில் தொட்டியை நேராக வைக்காதீர்கள், வேர் வெந்துபோகும். இரண்டு செங்கல் அடியில் கொடுத்தால் போதும். ஆறு கோடை பார்த்துவிட்டேன், வெயிலால் மட்டும் செத்த செடி என்று ஒன்றுகூட இல்லை.

மழைக்காலத்தில் இலை கறுத்து, ஒரே வாரத்தில் செடியே போய்விட்டது. என்ன ஆயிற்று?

வேர் அழுகிவிட்டது. எனக்கு வரும் போன்களில் பத்துக்கு எட்டு இதுதான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் செடி ஆனி மாதக் கடைசியில் செத்தது. இலை வாடித் தொங்கியதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன். நான்காம் நாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேல் இரண்டு அங்குல மண் பொலபொலவென இருந்தது. அடியில் கறுப்பாகச் சேறு, சாக்கடை நாற்றம். வேரைப் பிடித்து இழுத்ததும் தோல் மட்டும் கையோடு கழன்று வந்தது, உள்ளே மெல்லிய நூல் ஒன்று மிச்சம். தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு அந்தச் செடி தாகத்தில் வாடியிருக்கிறது. உறிஞ்ச வேர் இருந்தால்தானே?

மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சடைத்த வேரில் பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற பூசணம் மாதிரியான நுண்ணுயிர்கள் ஏறிக்கொள்ளும். இலை வாடிக் கண்ணுக்குத் தெரிவதற்குள் கீழே பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் மழைக்காலத்தில் செடி வாடினால் சொம்பை எடுக்கும் முன்பு விரலை மண்ணுக்குள் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதென்றால் நோய் வேரில் இருக்கிறது.

காப்பாற்ற முடியுமா என்றால், முழுச் செடியைக் காப்பாற்றுவது கடினம். நுனியில் இன்னும் விறைப்பாக நிற்கும் தண்டுகளை உடனே வெட்டி மணலில் நட்டுவிடுங்கள், நாலு வைத்தால் ஒன்றிரண்டு பிழைக்கும். பழைய மண்ணை வேறு எந்தத் தொட்டிக்கும் போடாதீர்கள்.

வராமல் தடுப்பதற்கு ஒரே வழி, மழை தொட்டிக்குள் நேராக விழாமல் பார்த்துக்கொள்வது. கேரளத்தில் காய்கறிக்கு 'மழமற' போடுவார்கள் இல்லையா, தெளிந்த பிளாஸ்டிக் கூரையும் நாலு பக்கம் திறப்பும்? அதே முறைதான். எனக்கு அவ்வளவு வசதி இல்லை. தெற்குப் பார்த்த சன்ஷேடுக்கு அடியில் ஒரு பலகை போட்டு, வைகாசிக் கடைசியிலேயே தொட்டிகளை அங்கே ஏற்றிவிடுவேன். வெளிச்சம் கிடைக்கும், காற்று ஓடும், மழை விழாது. துலாவர்ஷம் (ஐப்பசி மழை) முடிந்து கார்த்திகை பிறந்த பிறகு மறுபடியும் திறந்த மாடிக்கு இறக்குவேன். மழை வரும்போது செடியைச் சமையலறைக்குள் கொண்டுபோய் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே காற்றோட்டம் இல்லாததால் வேர் பிழைத்தாலும் இலை பூசணம் பூத்துவிடும்.

எந்த மண் நல்லது? எங்கள் தோட்டத்தில் கரிசல்தான்.

வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் நல்ல கரிசல். பருத்திக்கும் கடலைக்கும் அது தங்கம், சேஜுக்கு எமன். நனைந்தால் ஊதிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கரிசல் நிலத்தில் நட்டே ஆக வேண்டுமென்றால் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, அதில் கல்லும் மணலும் கலந்து நடுங்கள். தொட்டி இன்னும் நல்லது.

நான் போடும் கலவை இதுதான்: செம்மண் இரண்டு பங்கு, எம்-சாண்ட் அல்லது கரட்டு மணல் இரண்டு பங்கு, செங்கல் உடைத்த சில்லு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பூச்சுக்கு வாங்கும் பொடிமணல் வேண்டாம், அது இறுகிப்போகும். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் சேர்ப்பேன், நூற்புழு தொல்லை குறைகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் நமக்குத் தேங்காய் நார்க்கழிவு மலிவு. மாடித்தோட்டம் என்றாலே கோகோபீட் பாதி, உரம் பாதி என்று கை தானாகப் போகிறது. தக்காளிக்கும் கீரைக்கும் அது சரி. ஆனால் கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கோடையில் உதவி செய்வது போலத் தெரிந்து, ஆனி, ஆடியில் கழுத்தைப் பிடிக்கும். சேஜ் கலவையில் அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

மண் புளிப்பாக இருக்கக் கூடாது, கார அமில அளவு 6க்கும் 7க்கும் நடுவில் இருந்தால் செடி சந்தோஷமாக இருக்கும். கரிசல் பக்கத்து மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவைப்படாது. மலையிலும், மேற்கே செம்புறை மண் இருக்கும் இடங்களிலும் மண் புளிப்பு. அங்கே ஒரு தொட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி சுண்ணாம்புத்தூள் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே கலந்து வையுங்கள். கேரளக் கடைகளில் 'கும்மாயம்' என்று கேட்க வேண்டும்.

தொட்டி பத்து அங்குலமாவது வேண்டும், மண்தொட்டியாக இருந்தால் ரொம்ப நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் காயும். அடித்துளை சுண்டுவிரல் நுழையும் அளவு இருக்கட்டும். கீழே தட்டு வைக்கவே வைக்காதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விடுவது?

நாள் கணக்கில் சொன்னால் செடி செத்துப்போகும். தண்ணீர் ஊற்றியவுடன் ஒரு தடவை தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், மூன்று நாள் கழித்து மறுபடி தூக்கிப் பாருங்கள். அந்த எடை வித்தியாசம் கைக்குப் பழகிவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை. தொட்டி லேசான பிறகு, அடித்துளை வழியாக வடியும் வரை ஒரே தடவையில் நிறைய ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கெடுதல். காலையில் ஊற்றுங்கள், இலைமேல் படாமல் ஊற்றுங்கள்.

என் மாடியில் சித்திரையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆகிறது. ஆடியில் சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் செடிக்குப் பத்து நாள் ஒன்றுமே ஊற்றாமல் இருந்திருக்கிறேன்.

காற்று அடித்து இலை ஓரம் காய்கிறது. நோயா?

மார்கழி, தையில் இப்படி ஆனால் அது காற்றின் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டர் அளவுக்கு விட்டிருக்கும் பாலக்காட்டு இடைவெளியில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், அம்மியும் பறக்கும் என்பதை இங்கே வந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். மார்கழியில் அதுவே கிழக்கிலிருந்து வறண்டு வீசும், உதடு வெடிக்கும்.

ஆடிக்காற்று ஒரு விதத்தில் சேஜுக்கு நண்பன், இலைமேல் ஈரம் தங்க விடாது. ஆனால் உயரமாக வளர்ந்த செடியைச் சாய்த்து, தூரோடு ஆட்டி வேரை அறுக்கும். குட்டையாகக் கிள்ளி வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. மார்கழிக் காற்றுக்குக் கைப்பிடிச் சுவரின் மறைவில் வையுங்கள், தொட்டி எடையைத் தினமும் பாருங்கள். அந்த ஒன்றரை மாதம் மட்டும் நம் ஊர்ச் செடி கோடையைவிடச் சீக்கிரம் காய்கிறது.

விதை போடுவதா, தண்டு நடுவதா?

தண்டு. தாய்ச்செடியின் ருசி அப்படியே வரும், நேரமும் மிச்சம்.

பூக்காத இளந்தண்டாகப் பார்த்து, நாலு அங்குலம் அளவுக்குக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை நீக்கிவிட்டு, ஈரமான கரட்டு மணலில் இரண்டு கணு மறையும்படி செருகுங்கள். நிழலில், காற்று வருகிற இடத்தில் வையுங்கள். மற்றச் செடிகளுக்குச் செய்வது போலப் பாலிதீன் பையால் இறுக்கி மூட வேண்டாம். இலை மயிரில் தண்ணீர் கோத்துக்கொண்டு அழுகிவிடும். நாலு முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும்.

இன்னும் சுலபம் பதியன். தாழ்வான கிளையை வளைத்து மண்ணில் பதித்து, மேலே ஒரு கல் வையுங்கள். வேர் விட்ட பிறகு தாயிடமிருந்து வெட்டி எடுக்கலாம்.

விதைதான் கிடைத்தது என்றால் கார்த்திகைக்குக் காத்திருங்கள். இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும் அந்த நாட்களில்தான் நன்றாக முளைக்கும். கடுகு போல உருண்டையான விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் வாரத்திலேயே கிளறிப் பார்க்காதீர்கள். பழைய விதை பாதிகூட முளைக்காது. விதைத்ததிலிருந்து நன்றாகப் பறிக்க ஒரு வருடம் ஆகும்.

உரம்?

தை மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மழை முடிந்ததும் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். பஞ்சகவ்யமும் யூரியாவும் மாறிமாறி ஊற்றினால் இலை பெரிதாகப் பளபளவென வரும். கசக்கினால் வாசனை இருக்காது, பூச்சியும் முதலில் அங்கேதான் வரும்.

இலையில் வெள்ளைப் பொடி, பஞ்சு, சிலந்தி வலை. எதற்கு என்ன செய்வது?

பஞ்சு போலக் கணுவில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து எடுங்கள். வேப்பெண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு சேர்த்து மாலையில் தெளியுங்கள். தெளித்த பிறகு பத்து நாளாவது இலை பறிக்காதீர்கள், கசப்பு சாப்பாட்டில் ஏறும்.

இலை வெளிறி, அடியில் மெல்லிய வலை இருந்தால் செம்பேன். வறண்ட காற்றுக் காலத்தில் வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைக் காலை நேரத்தில் வேகமாகப் பீய்ச்சினால் குறையும். ஈரம் பகலிலேயே காய்ந்துவிட வேண்டும்.

விபூதி தூவியது போல இருந்தால் சாம்பல் நோய். செடிகளை நெருக்கமாக வைத்திருப்பீர்கள். ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், நோய் பட்ட இலைகளைக் கிள்ளி எறியுங்கள். கஞ்சித்தண்ணியைத் தெளிக்கும் பழக்கம் இங்கே உண்டு. வெண்டைக்கு, மிளகாய்க்குச் செய்யுங்கள், சேஜுக்கு வேண்டாம். சொரசொர இலையில் மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டு புதிதாகப் பூசணம் பிடிக்கும்.

மழைக்கால இரவில் நாற்று தரையோடு மொட்டையாகிவிட்டால் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஆப்பிரிக்க நத்தையாகத்தான் இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட வேண்டும், வேறு வழி எனக்குப் பலிக்கவில்லை.

எப்போது பறிக்கலாம்? எப்படி உலர்த்துவது?

முதல் வருடம் நுனி மட்டும் கிள்ளுங்கள், அதுவே செடியைப் புதராக்கும். அப்புறம் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கவாத்து செய்யும்போது இலை உள்ள பச்சைத் தண்டிலேயே வெட்டுங்கள். இலையில்லாத மரத்தண்டில் வெட்டினால் அந்தக் கிளை பெரும்பாலும் திரும்பத் தளிர்ப்பதில்லை.

உலர்த்துவதற்கு நம் ஊரைப்போல இடம் கிடையாது. மார்கழிக் காற்றில் சின்னக் கட்டாகக் கட்டி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஐந்தாறு நாளில் கையில் நொறுங்கும். வெயிலில் காயவைத்தால் நிறமும் போகும், வாசனை எண்ணெயும் போகும். முழு இலையாகவே கண்ணாடி பாட்டிலில் போட்டு வையுங்கள், பொடிப்பது சமைக்கும்போது.

நம் சமையலில் எதற்குப் போடலாம்?

சாம்பாருக்கும் ரசத்துக்கும் வேண்டாம், புளியோடு சண்டை போடும். சேஜுக்குப் பிடித்தது நெய், வெண்ணெய், உருளைக்கிழங்கு, பூசணி, கொழுப்புள்ள கறி. இத்தாலியில் வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கி, அதில் இந்த இலையைப் பொரித்துப் பாஸ்தா மேல் ஊற்றுவார்கள். இங்கிலாந்தில் வெங்காயத்தோடு சேர்த்துக் கோழிக்குள் வைத்துச் சுடுவார்கள்.

எங்கள் வீட்டில் செய்வது: இரும்புச் சட்டியில் இரண்டு கரண்டி நெய், காய்ந்ததும் அடுப்பைத் தணித்து ஆறேழு இலை. நன்றாகத் துடைத்த இலையாக இருக்க வேண்டும், ஈரம் இருந்தால் தெறிக்கும். முதலில் படபடவெனச் சத்தம் வரும். பத்துப் பதினைந்து வினாடியில் அது அடங்கும், இலையின் சாம்பல் நிறம் போய்க் கண்ணாடி போலப் பச்சையாகும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், தாண்டினால் கசக்கும். அந்த நெய்யிலேயே வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கை மிளகுத்தூள் போட்டுப் புரட்டி, பொரித்த இலையை மேலே நொறுக்கிப் போடுங்கள். தயிர்சாதத்துக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. கடலைமாவில் முக்கி பஜ்ஜியும் போடலாம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அக்கா வாத்து வறுவலில் பத்து இலை சேர்ப்பார், அதற்காகவே டிசம்பரில் நான் பறிக்காமல் ஒரு செடியை விட்டு வைப்பேன்.

கொத்தமல்லி போலக் கடைசியில் தூவும் இலை இல்லை இது. நாலு பேருக்கு ஐந்தாறு இலை போதும். உலர்ந்தது என்றால் மூன்றில் ஒரு பங்கு.

கஷாயம் குடிக்கலாமா? எல்லோருக்கும் ஏற்குமா?

தொண்டை கரகரப்புக்கு நாலைந்து இலையை வெந்நீரில் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொப்பளிப்பது ஐரோப்பாவில் பழங்காலம் தொட்டு வரும் வழக்கம், இதமாகவும் இருக்கிறது. எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பதிலும் தவறில்லை.

ஆனால் இதில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் நரம்பைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும். அதனால் கடையில் விற்கும் சேஜ் எண்ணெயை வாய்க்குள் விடவே கூடாது. கர்ப்பிணிகள் கஷாயமாகக் குடிக்க வேண்டாம். பால் கொடுக்கும் தாய்மார்களும் வேண்டாம், பால் வற்றச் செய்வதற்கென்றே இதைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வலிப்பு நோய் உள்ளவர்கள், குழந்தைகள் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சமையலில் சேர்க்கும் நாலு இலையைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம்.

சாம்பிராணி போலப் புகை போடும் சேஜ் இதுதானா?

அது வெள்ளை சேஜ், கலிபோர்னியாப் பக்கத்துச் செடி, வேறு இனம். நம்முடையதைக் கொளுத்தினால் இலைச்சருகு எரிந்த வாசனைதான் வரும்.

நாங்கள் மூணாறில் இருக்கிறோம். குளிர் இருப்பதால் உங்களைவிட நன்றாக வருமா?

வரும் என்றுதான் நானும் நினைத்தேன். என் சித்தி மகள் காந்தலூரிலும் அவள் தோழி மூணாறு லயத்திலும் ஒரே நாளில், ஒரே தாயிலிருந்து எடுத்த தண்டை நட்டார்கள். காந்தலூர்ச் செடி இரண்டாம் வருடம் முட்டளவு புதராகி ஊதாப் பூ பூத்தது. மூணாறுச் செடி முதல் ஆடியைத் தாண்டவில்லை.

இரண்டு ஊரும் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம்தான், இரண்டும் இடுக்கி மாவட்டம்தான். ஆனால் காந்தலூர், மறையூர்ப் பக்கம் மழைமறைவுப் பகுதி. பூண்டு நன்றாக விளைகிற ஊரில் சேஜும் விளையும் என்று அவள் சொல்வாள், எனக்கு அது சரியென்றே படுகிறது. இரண்டுக்கும் வெயிலும் வடிகிற மண்ணும் குளிர்ந்த இரவும் வேண்டும். வட்டவடைக்காரர்களும் தைரியமாகத் தரையிலேயே நடலாம்.

மூணாறில் தென்மேற்கு மழை மாதக்கணக்கில் விடாது, மேகம் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே குளிர் ஒரு பொருட்டே இல்லை, மார்கழியில் உறைபனி விழுந்தாலும் சேஜ் தாங்கும். கூரைக்கு அடியில் தொட்டியில் வையுங்கள், கலவையில் மணலை ஒரு பங்கு கூட்டுங்கள், கும்மாயம் மறக்காமல் சேருங்கள். லயத்தின் தகரக் கூரையிலிருந்து சொட்டும் வரிசைக்கு நேர் கீழே வைத்துவிடாதீர்கள். அந்தத் தோழியின் இரண்டாவது செடி இப்படித்தான் போயிற்று. மூன்றாவது இப்போது ஜன்னல் திட்டில் நிற்கிறது, இரண்டு ஆடி தாண்டிவிட்டது.

அடுக்குமாடியில் பால்கனி மட்டும்தான் இருக்கிறது.

கிழக்கோ தெற்கோ பார்த்திருந்தால் வளரும். வீட்டுக்குள் வரவேற்பறையில் வளராது.

ஒரு செடி எத்தனை வருடம் இருக்கும்?

சொந்த மண்ணில் பல வருடம் இருந்தாலும், நான்காம் வருடத்துக்குள் நடு மரமாகி, கிளை பிளந்து, இலை நுனியில் மட்டும் நிற்கும். நம் ஊரில் மூன்று வருடம் நன்றாகப் பறிக்கக் கிடைத்தாலே திருப்திதான். இப்போது மாடியில் நிற்பது ஆறு வருடத்துக்கு முன்பு நட்டதன் பேத்தி. ஒவ்வொரு கார்த்திகையிலும் தீபம் முடிந்த வாரத்தில் ஆறு தண்டு எடுத்து மணலில் செருகுவேன். நாலு பிடிக்கும். இரண்டு எனக்கு, இரண்டு கேட்டு வருகிறவர்களுக்கு.